மஞ்சளில் உரம், களை, கிழங்கு அழுகல்: 30 சென்ட்ல சோதனைப் பாத்தி போடறது எப்படி?

வாய்க்கால்மேடு எழுதியது:

மொடக்குறிச்சிப் பக்கம். செம்மண், அடியில சுண்ணாம்புக் கல்லு. கிணத்துத் தண்ணி, பார் கட்டிப் பாய்ச்சறது, சொட்டுநீர் இல்லீங்க. வைகாசிக் கடைசியில மஞ்சள் நடவு. 30 சென்ட் தனியா ஒதுக்கி மூணு விசயம் பார்க்கலாம்னு இருக்கு. யூரியாவுல கால் பங்கு குறைச்சு அசோஸ்பைரில்லம் (காத்துல இருக்கற தழைச்சத்தைப் பிடிச்சுக் குடுக்கற நுண்ணுயிர் உரம்) வச்சா விளைச்சல் நிக்குதா? டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சணத்தை அடக்கற நல்ல பூஞ்சணம்) போட்டா கிழங்கு அழுகல் குறையுதா? பென்டிமெத்தலின் களைக்கொல்லி அடிச்சா களைவெட்டு மிச்சமாகுதா?

திட்டம் இதுதான்: தலைமடையில 10 சென்ட் வழக்கமான முறை. நடுவுல 10 சென்ட் உரம் மட்டும் மாத்தறது. கடைமடையில 10 சென்ட் எல்லாமே புதுசு. கடைசியில மூணையும் எடை போட்டுப் பார்த்துக்கலாம். சரி வருமுங்களா?

சால்கலப்பை எழுதியது:

சரி வராதுங்க. கடைமடையில தண்ணி தேங்கும், அழுகல் அங்கதான் முதல்ல வரும். அங்க டிரைக்கோடெர்மாவப் போட்டுட்டு, அழுகினா மருந்து கேக்கலைன்னு சொல்லுவீங்க. அழுகினது மருந்தாலயா மடையாலயான்னு அந்த எடையில தெரியவே தெரியாது. அதுலயும் உரம், களை, நோய் மூணையும் ஒண்ணா மாத்தினா, விளைச்சல் ஏறினாலும் எதனால ஏறுச்சுன்னு சொல்ல வழி இல்ல.

ஒவ்வொரு முறையும் தலைமடையிலயும் இருக்கணும், கடைமடையிலயும் இருக்கணும். அதுக்குத்தான் பிளாக். ஓட்டத்துக்குக் குறுக்கால, ஒரே மட்டத்துல, பக்கம் பக்கமா பாத்தி கட்டுங்க. ஒரு வரிசை ஒரு பிளாக். ஒரு பிளாக்குக்குள்ள எல்லா முறையும் ஒரு தடவை வரணும். எது எந்தப் பாத்திக்குன்னு நீங்க முடிவு பண்ணாதீங்க. துண்டுச் சீட்டுல எழுதி சொம்புல போட்டுக் குலுக்கி எடுங்க. ஒவ்வொரு பிளாக்குக்கும் புதுசாக் குலுக்கணும். ஒரு தடவை எடுத்த வரிசையவே அஞ்சு பிளாக்குக்கும் வச்சுட்டா, மேற்கு ஓரத்துத் தென்னை நிழல் அஞ்சு தடவையும் ஒரே முறை மேலதான் விழுகும்.

நொய்யல்கரை எழுதியது:

மேல சொன்னது சரி. ஆனா மூணுக்கும் மூணு தனிச் சோதனை வேண்டியதில்ல. உரத்தையும் டிரைக்கோடெர்மாவையும் இணைச்சே போடலாம். முழு யூரியா, முக்கால் யூரியாவோட அசோஸ்பைரில்லம்னு உரத்துல ரெண்டு; டிரைக்கோடெர்மா உண்டு, இல்லைன்னு நோயில ரெண்டு. பெருக்கினா நாலு முறை. 5 பிளாக், ஆக 20 பாத்தி. இதுல லாபம் என்னன்னா, உரத்தை ஒப்பிடும்போது 10 பாத்திக்கு 10 பாத்தி நிக்கும், நோயை ஒப்பிடும்போதும் 10க்கு 10. தனித்தனியாப் போட்டா அதே உறுதிக்கு ரெண்டு மடங்கு நிலம் வேணும். யூரியா கூடின பாத்தியில அழுகல் கூடுதாங்கறதும் இதுலதான் தெரியும்.

களையை மட்டும் இதுல சேர்க்காதீங்க. எரு அதிகமா மேல கிடந்தா பென்டிமெத்தலினைப் பிடிச்சு வச்சுக்கும், களைக்கு எட்டாது. உரப் பாத்தியில எரு கொண்டுதான் அசோஸ்பைரில்லமும் டிரைக்கோடெர்மாவும் போடறோம். ரெண்டும் ஒரே பாத்தியில வேண்டாம்.

வாய்க்கால்மேடு எழுதியது:

பாத்தி அளவு எவ்வளவுங்க? 20 பாத்திக்கு 30 சென்ட் போதுமா?

நொய்யல்கரை எழுதியது:

பாருக்குப் பார் 45 செ.மீ., கிழங்குக்குக் கிழங்கு 15 செ.மீ. வச்சுக்குங்க. பாத்திக்கு 8 பார், அதாவது அகலம் 3.6 மீட்டர், நீளம் 6 மீட்டர், 21.6 சதுர மீட்டர். சுத்தியும் 1 மீட்டர் இடைவெளி விட்டா 20 பாத்திக்கு ஏறக்குறைய 16 சென்ட். களைச் சோதனைக்கு நீளத்தை 4 மீட்டராக் குறைச்சு, 3 முறை (மருந்து, கைக்களை, களையே எடுக்காதது), 5 பிளாக், 15 பாத்தி. அதுக்கு எட்டரை சென்ட். மிச்சம் வாய்க்காலுக்கும் வடிகாலுக்கும் சரியாப் போயிரும்.

எடை எடுக்கும்போது ஓரப் பாரு ரெண்டையும் விட்டுருங்க. ரெண்டு தலைப்பிலயும் அரை மீட்டர் விட்டுருங்க. மிஞ்சறது 6 பார், 5 மீட்டர், அதாவது 13.5 சதுர மீட்டர். ஏக்கர் 4047 சதுர மீட்டர். வகுத்தா 300. ஆகப் பாத்தி எடையை 300 ஆல பெருக்குனா ஏக்கர் கணக்கு. இதையே திருப்பிப் பாருங்க: தராசுல அரைக் கிலோ பிசகினா ஏக்கருக்கு 150 கிலோ பிசகுது. ஒட்டின மண்ணைத் தட்டாம எடை போட்டா சோதனை அங்கயே முடிஞ்சுது.

மேட்டாங்காடு எழுதியது:

மஞ்சள் ஈரோட்டுல என்ன விலை போகுதுன்னு யாராச்சும் சொல்லுங்களேன்.

சால்கலப்பை எழுதியது:

அதுக்குத் தனி இழை இருக்குதுங்க, இங்க வேண்டாம்.

வாய்க்கால்மேடு தம்பி, தண்ணிய மறந்துராதீங்க. ஒரு பாத்தியில பாய்ஞ்ச தண்ணி வழிஞ்சு அடுத்த பாத்திக்குப் போனா அதோட யூரியாவும் போகும், அழுகல் பூஞ்சணமும் போகும். ஒவ்வொரு பாத்திக்கும் தனி வாமடை வேணும். ஒவ்வொரு பிளாக்குக்கும் தலையில பாசன வாய்க்கால், காலடியில வடிகால். வடிகால் அடுத்த பிளாக்கோட வாய்க்கால்ல சேரக்கூடாது. நேரா வெளிய போகணும். பாத்திக்குள்ள தலைப்புக் கரையை நல்லா மிதிச்சுக் கட்டுங்க, நண்டுப் பொந்து, எலிப் பொந்து ஒண்ணு போதும் உடைச்சுட்டுப் போறதுக்கு.

இன்னொண்ணு. விதைக் கிழங்குல குண்டும் (தாய்க் கிழங்கு) விரலியும் (பக்கக் கிழங்கு) கலந்து நடாதீங்க. முளைப்புலயே வித்தியாசம் வரும். குண்டு பத்தலைன்னா ரெண்டு பிளாக் குண்டு, மூணு பிளாக் விரலின்னு பிளாக் கணக்குல பிரிச்சுக்கலாம். ஒரே பிளாக்குக்குள்ள மட்டும் ரெண்டும் வரக்கூடாது.

கரிசக்காடு எழுதியது:

உரக் கணக்கு நான் போட்டுத் தர்றேன். தமிழ்நாட்டுல மஞ்சளுக்குச் சொல்ற அளவு ஹெக்டேருக்கு தழை (நைட்ரஜன்) 150, மணி (பாஸ்பரஸ்) 60, சாம்பல் (பொட்டாஷ்) 108 கிலோ. தழையை ஆறாப் பிரிச்சு, நடவுல ஒண்ணு, 30, 60, 90, 120, 150ஆம் நாள்ல ஒவ்வொண்ணு. ஒரு தடவைக்கு 25 கிலோ தழைச்சத்து. யூரியாவுல 46 சதம் தழை, அப்போ சதுர மீட்டருக்கு 5.43 கிராம், பாத்திக்கு 117 கிராம். முக்கால் பங்குப் பாத்திக்கு 88 கிராம். நகைக்கடைத் தராசு வேண்டாம், ஒரு கிராம் காட்டுற சமையல் தராசு போதும். வீட்டுலயே எடை போட்டு, பாத்தி நம்பர் எழுதி, பொட்டலம் கட்டிட்டுப் போங்க. வயல்ல நின்னு கைப்பிடிக் கணக்குல போட்டா 117க்கும் 88க்கும் என்ன வித்தியாசம் தெரியப்போகுது?

மணிச்சத்துக்கு டிஏபி போடாதீங்க. அதுல 18 சதம் தழை இருக்கு, உங்க கால் பங்குக் குறைப்பு அதுலயே குழம்பிரும். மூணு சத்தும் கலந்த 17:17:17 காம்ப்ளக்ஸ் கூடவே கூடாது. சூப்பர் பாஸ்பேட் 16 சதம், பாத்திக்கு 810 கிராம், எல்லாம் அடியுரமா. பொட்டாஷ் 60 சதம், மொத்தம் 389 கிராம், யூரியாவோட பிரிச்சுக் குடுங்க. மணியும் சாம்பலும் 20 பாத்திக்கும் ஒரே அளவு.

உங்க மண்ணுல சுண்ணாம்பு இருக்குன்னு சொன்னீங்க. அங்கதான் பெரிய கண்ணி. இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையா நின்னா அது இரும்புப் பற்றாக்குறை. தழைச்சத்துக் குறைஞ்சா அடி இலைதான் முதல்ல பழுக்கும். இரும்பு இல்லாம பயிர் நின்னுபோச்சுன்னா யூரியா 117 போட்டாலும் 88 போட்டாலும் ஒரே விளைச்சல்தான் வரும். உடனே நாம “கால் பங்கு குறைக்கலாம்”னு முடிவு கட்டிருவோம். அது பொய் முடிவு. அதனால இரும்பு சல்பேட் ஹெக்டேருக்கு 30 கிலோ கணக்குல, பாத்திக்கு 65 கிராம், எருவோட கலந்து எல்லாப் பாத்திக்கும். சுண்ணாம்பு மண்ணுல போட்ட இரும்பு சீக்கிரம் கட்டிப்போயிரும், அதனால வெளுப்புத் தெரிஞ்சா லிட்டருக்கு 5 கிராம் கரைச்சு இலையில அடிங்க. அதுவும் 20 பாத்திக்கும்.

மண் எடுக்கறது நடவுக்கு முன்னாலயே. பிளாக்குக்கு ஒரு மாதிரி, 8–10 இடத்துல ‘வி’ மாதிரி வெட்டி 15 செ.மீ. ஆழம். எருக்குமி இருந்த இடம், வாய்க்கால் ஓரம், மரத்தடி வேண்டாம்.

செம்பருத்தி எழுதியது:

நோய்ப் பக்கம் நான் சொல்றேன். முதல்ல, போன வருசம் அந்த 16 சென்ட்ல அழுகல் இருந்துச்சா? சுத்தமான மண்ணுல டிரைக்கோடெர்மா போட்டா, போட்டதுலயும் அழுகல் வராது, போடாததுலயும் வராது. சோதனை நடந்த மாதிரி இருக்கும், விடை இருக்காது.

மஞ்சள்ல கிழங்கு அழுகலுக்குப் பெரும்பாலும் காரணம் பித்தியம். தண்டு அடி தண்ணி கோத்த மாதிரி மெத்துனு ஆகும், அடி இலை ஓரத்துல இருந்து காயும், இழுத்தா தண்டு கையோட வந்துரும். இதுக்குக் கடையில கார்பென்டாசிம் எடுத்துக் குடுப்பாங்க. அது பித்தியத்தைத் தொடாது. பித்தியம் நிஜப் பூஞ்சணமே இல்ல, தண்ணிப் பூஞ்சணக் கூட்டம். கார்பென்டாசிம் வேலை செய்யற இடம் அதுக்கு ஒத்துவராது. அதைவிடக் கொடுமை, கார்பென்டாசிம் டிரைக்கோடெர்மாவை நல்லாவே கொல்லும். விதை நேர்த்திக்கு அதுல முக்கி எடுத்துட்டு மண்ணுல டிரைக்கோடெர்மா போட்டா, காசு குடுத்து வாங்கினதை நாமளே கொன்ன கணக்கு. மெட்டலாக்சில்தான் பித்தியத்துக்குப் பிடிக்கும், டிரைக்கோடெர்மாவையும் பெருசா உபத்திரவம் பண்ணாது. விதை நேர்த்தி எதுவா இருந்தாலும் 20 பாத்திக்கும் ஒண்ணா இருக்கணும்.

அளவு: ஹெக்டேருக்கு 2.5 கிலோ டிரைக்கோடெர்மா, 50 கிலோ மக்கின எருவுல. பாத்திக்கு வகுத்தா 5.4 கிராம், எரு 108 கிராம். ஈரம் தெளிச்சு நிழல்ல மூடி வச்சுட்டு, பார்ல தூவி மண் அணைச்சு, அன்னைக்கே தண்ணி. காய்ஞ்ச மண்ணுல தூவினா வெயில்ல போயிரும். பாக்கெட்டுல தயாரிச்ச தேதி பாருங்க, 4 மாசம் தாண்டினது வேண்டாம்.

முக்கியமானது: டிரைக்கோடெர்மா போடாத பாத்திக்கும் அதே 108 கிராம் வெறும் எரு போடணும். இல்லைன்னா எருவோட பலனையும் டிரைக்கோடெர்மா பேருல எழுதிருவீங்க. அசோஸ்பைரில்லத்துக்கும் இதே சட்டம்.

வாய்க்கால்மேடு எழுதியது:

அக்கா, போன வருசம் கடைமடைப் பக்கம் நல்லாவே அழுகுச்சு. தலைமடையில அங்கங்க ஒண்ணு ரெண்டு. அழுகலை எப்படிக் கணக்கெடுக்கறதுங்க? கடைசியில கிழங்கைப் பார்த்தா போதாதா?

செம்பருத்தி எழுதியது:

அப்போ அந்த இடம் ஆகும். கடைசியில மட்டும் பார்த்தா போதாது. ஆவணியில அழுகின தூர் தை மாசம் இருக்கவே இருக்காது, மண்ணோட மண்ணாயிருக்கும். அது முளைக்கலையா அழுகுச்சான்னு அப்போ யார் சொல்றது?

60ஆம் நாள் பாத்திக்குப் பாத்தி தூர் எண்ணி எழுதிக்குங்க. நடுவுல இருக்கற 6 பாருல ஏறக்குறைய 200 தூர் வரும். அதுதான் வகுக்கற எண். அதுக்கப்புறம் 15 நாளைக்கு ஒரு தடவை, அழுகின தூருக்குப் பக்கத்துல ஒரு குச்சி நடுங்க. குச்சியில ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நிறத் துணி. கார்த்திகையில குச்சிய எண்ணினா மொத்தம் எத்தனை, எப்போ வேகமாப் பரவுச்சு ரெண்டும் தெரியும். எண்ணப் போகும்போது அழுகல் இல்லாத பாத்தியில முதல்ல இறங்குங்க. அழுகினதுல கால் வச்சா மம்பட்டியையும் காலையும் கழுவிட்டுத்தான் அடுத்தது.

இலைப்புள்ளியும் குறிச்சுக்குங்க, விளைச்சலைக் குழப்பறது அதுதான். ஆவணி, புரட்டாசி ஈரத்துல கண்ணு மாதிரி நீளப் புள்ளி, நடுவுல சாம்பல், சுத்தி மஞ்ச வளையம்னா கொலட்டோட்ரைக்கம் பூஞ்சணம். சின்னச் சின்னதா, வரிசையா, கட்டம் கட்டின மாதிரி ரெண்டு பக்கமும் இருந்தா டாஃப்ரினா பூஞ்சணம். 0 முதல் 5 வரை மதிப்பெண். உதாரணத்துக்கு 25 இலை பார்க்கறீங்க: 10 இலை சுத்தம், 8 இலை 1, 4 இலை 2, 2 இலை 3, ஒரு இலை 4. கூட்டினா 26. 26ஐ 100 ஆல பெருக்கி, 25 பெருக்கல் 5, அதாவது 125 ஆல வகுத்தா 20.8. அதுதான் நோய்த் தீவிரம். ஒரே ஆள் எல்லாப் பாத்தியும் பார்க்கணும், எந்தப் பாத்தியில என்ன போட்டதுன்னு அந்த ஆளுக்குத் தெரியாம இருந்தா இன்னும் நல்லது. இலைப்புள்ளிக்கு மாங்கோசெப் அடிச்சா 20 பாத்திக்கும் அடிங்க.

மேட்டாங்காடு எழுதியது:

களைச் சோதனைக்கு எதுக்குங்க களையே எடுக்காத பாத்தி? அஞ்சு பாத்தியில சாரணை விதை கொட்டுச்சுன்னா அப்புறம் பல வருசத்துக்குக் களை வெட்டணும்.

நொய்யல்கரை எழுதியது:

அது இல்லாம பென்டிமெத்தலின் எவ்வளவு அடக்குச்சுன்னு எதை வச்சுச் சொல்லுவீங்க? முறை மூணு: பென்டிமெத்தலினும் 45ஆம் நாள் ஒரு கைக்களையும், கைக்களை மட்டும் 30, 60, 90, 60 நாள் வரை களையோட விடறது. 30ஆம் நாள், கைக்களைக்கு முன்னாடி, அரை மீட்டருக்கு அரை மீட்டர் கம்பிச் சட்டத்தைப் பாத்திக்கு ரெண்டு இடத்துல கண்ணை மூடிப் போட்டு, உள்ள இருக்கறதை வெட்டிக் காயவச்சு எடை. களையோட விட்டதுல 80 கிராம், மருந்துப் பாத்தியில 16 கிராம்னு வந்தா அடக்கம் 80 சதம். கோரையைத் தனியா எண்ணுங்க. பென்டிமெத்தலின் விதையில இருந்து வர்ற களைக்குத்தான். கோரை கிழங்குல இருந்து வருது, அது பாட்டுக்கு வரும். சேர்த்து எண்ணினா நல்ல மருந்தையும் கெட்ட மருந்துன்னு எழுதிருவீங்க.

மேட்டாங்காடு எழுதியது:

சாரணை ஒரு மாசத்துலயே விதை போட்டுருமே. 30ஆம் நாள் எடை எடுத்ததும் புடுங்கிட்டா என்ன?

நொய்யல்கரை எழுதியது:

அடக்கம் மட்டும் போதும்னா புடுங்கிருங்க. களையால விளைச்சல் எவ்வளவு போகுதுன்னும் தெரியணும்னா 60 நாள் விட்டே ஆகணும், விதை விழுகறது அதோட விலை. கோயமுத்தூர் வேளாண் கல்லூரியில 1909ல ஆரம்பிச்ச நிரந்தர உரச் சோதனையில எருவே காணாத பாத்தியை வருசக் கணக்கா அப்படியே வச்சுட்டு வந்தாங்க. அந்த வெறும் பாத்தி இல்லைன்னா மத்தது எதுக்கும் அளவுகோல் இல்ல.

மேட்டாங்காடு எழுதியது:

கல்லூரிக்குக் கட்டும், நமக்குக் கட்டுமா? நானா இருந்தா 30லயே புடுங்கிருவேன்.

சால்கலப்பை எழுதியது:

அது தோட்டக்காரர் முடிவு. பென்டிமெத்தலின் தெளிப்புக்கு வர்றேன். ஹெக்டேருக்கு ஒரு கிலோ மூலப்பொருள். 30 சதம் மருந்துன்னா 3.3 லிட்டர். களைப் பாத்தி 14.4 சதுர மீட்டர், அதுக்கு 4.8 மில்லி, தண்ணி 720 மில்லி. இவ்வளவு கொஞ்சத்தைத் தனித்தனியாக் கலக்காதீங்க, டியூப்ல நிக்கறதே அவ்வளவு இருக்கும். 5 லிட்டர் தண்ணியில 33 மில்லி, ஊசிக்குழாய்ல அளந்து கலந்து, அஞ்சு பாத்திக்கும் அதுலயே அடிங்க. முன்னாடி வெறும் தண்ணிய வச்சு ஒரு பாத்தியில நடந்து பழகுங்க, 720 மில்லி சரியாத் தீர்ற வேகம் வர்ற வரைக்கும். விசிறி நாசில் போடுங்க, பூச்சி மருந்துக்குப் போடற கூம்பு நாசில் வேண்டாம். நட்டு 3 நாளுக்குள்ள, மண்ணு ஈரமா இருக்கும்போது, கட்டி இல்லாம. காய்ஞ்ச மண்ணுல அடிச்சா மருந்து சரியா வேலை செய்யாது. கட்டி மேல அடிச்சா, கட்டி உடையற இடத்துல களை சிரிச்சுக்கிட்டு வரும். அடிச்ச இடத்துல பின்னால நடக்கணும், முன்னால நடந்து மிதிக்கக்கூடாது. டப்பாவுல எந்தெந்தப் பயிருன்னு போட்டிருக்கறதையும் வாங்கறதுக்கு முன்னாடி படிச்சுருங்க.

களைவெட்டு மிச்சமாகுதாங்கறதுதானே உங்க கேள்வி? அப்போ எடை மட்டும் பத்தாது. பாத்திக்கு எத்தனை நிமிசம் வெட்டினாங்கன்னு ஆள் கணக்கோட எழுதுங்க. ஒரே ஆளை ஒரு பிளாக் முழுசும் வெட்ட விடுங்க.

வாய்க்கால்மேடு எழுதியது:

ஊடுபயிரா சின்ன வெங்காயம் வழக்கமாப் போடுவோம். இதுல போடலாங்களா?

கரிசக்காடு எழுதியது:

இந்த 30 சென்ட்ல வேண்டாம். வெங்காயம் யூரியாவுல பங்கு கேக்கும், புடுங்கும்போது பார் கலையும், களையும் குறைஞ்சு காட்டும்.

வாய்க்கால்மேடு எழுதியது:

கடைசியா ஒண்ணு. முழு யூரியா சராசரி 40 கிலோ, முக்கால் யூரியா சராசரி 38 கிலோன்னு வந்தா குறைஞ்சுதுன்னு எடுத்துக்கறதா, சமம்னு எடுத்துக்கறதா?

நொய்யல்கரை எழுதியது:

பிளாக் வித்தியாசத்தையும் முறை வித்தியாசத்தையும் கழிச்ச பிறகு பாத்திக்குப் பாத்தி ஆட்டம் எவ்வளவுங்கறதைப் பொறுத்தது. ஆட்டம் 4 கிலோன்னு வச்சுக்குங்க, சராசரியில 10 சதம். வர்க்கம் 16. 4 முறை, 5 பிளாக், ரெண்டுலயும் ஒண்ணு கழிச்சா, பிழைக்கு 3 பெருக்கல் 4, 12 பாகை (டிகிரி ஆஃப் ஃப்ரீடம்). அதுக்கு 5 சதத்துல t அட்டவணை எண் 2.179. 10க்கு 10 ஒப்பிடறோம்: 2 பெருக்கல் 16 வகுத்தல் 10, 3.2, வர்க்கமூலம் 1.79, 2.179 ஆல பெருக்கினா 3.9 கிலோ. அதுக்குக் கீழ வர்ற வித்தியாசத்தை இந்தச் சோதனை பிடிக்காது. ஆக 2 கிலோ வித்தியாசம் வந்தா “குறைஞ்சுது”ன்னும் எழுதக்கூடாது, “சமம்”னும் எழுதக்கூடாது. 3.9 கிலோன்னா ஏக்கருக்கு 1170 கிலோ பச்சை மஞ்சள், அது சின்னத் தொகை இல்ல. அடுத்த வருசமும் அதே மாதிரி போட்டு ரெண்டு வருசத்தைச் சேர்த்துப் பாருங்க.

அழுகல் சதத்தை அப்படியே இந்தக் கணக்குல போடாதீங்க. ஒரு பாத்தியில 2 சதம், இன்னொண்ணுல 40 சதம்னு வரும், ஆட்டம் ஒரே அளவா இருக்காது. முதல்ல கோண அளவா (ஆர்க்சைன்) மாத்திக்கணும். களை எண்ணிக்கைக்கு 0.5 கூட்டி வர்க்கமூலம்.

செம்பருத்தி எழுதியது:

அறுவடையை முறை வாரியாப் பண்ணாதீங்க. ஒரு நாளைக்கு ஒரு பிளாக், முழுசா. நடுவுல மழை வந்தா அந்த ஈரம் ஒரு பிளாக்கோட நிக்கும். ஒவ்வொரு பாத்தியிலயும் 5 கிலோ தனியா வேகவச்சுக் காயவச்சு எடை எடுங்க, சுமாரா ஒரு கிலோ வரும். பச்சையில கனத்தது காய்ஞ்சதுலயும் கனக்கும்னு சொல்ல முடியாது, விக்கறது காய்ஞ்சதைத்தானே.

வாய்க்கால்மேடு எழுதியது:

சரிங்க. சீட்டுக் குலுக்கி வரைபடம் போட்டுட்டேன், வீட்டுல ஒரு நகல், மோட்டார் ரூம்ல ஒண்ணு. பாத்தி நம்பர் அட்டையில மார்க்கர்ல எழுதி பிளாஸ்டிக் உறை போட்டுக் குச்சியில கட்டறேன்.

சால்கலப்பை எழுதியது:

மார்க்கர் ஆடி மாசமே வெளுத்துரும் தம்பி, உறைக்குள்ள வேர்த்து அட்டையும் நைஞ்சுரும். அலுமினியத் தகடு வெட்டி ஆணியால நம்பர் கீறிக் கட்டுங்க. மஞ்சள் இடுப்புக்கு மேல வளரும், குச்சி அஞ்சடி இருக்கட்டும்.

வாய்க்கால்மேடு எழுதியது:

பழைய ஸ்பிரேயர் டேங்க் தகடு ஒண்ணு கிடக்குதுங்க. நாளைக்கே வெட்டிர்றேன்.